2050-ல் எத்தனை டிகிரி? நான்கு எண்கள் இருக்கின்றன, எதை எடுப்பது?

யமுனைக்கரையான் (மயூர் விஹார், தில்லி) கேட்டது:

எங்கள் சொசைட்டியில் பழைய டிரான்ஸ்ஃபார்மரை மாற்றப் போகிறார்கள். பொருளாளராக இருக்கும் பாவத்துக்கு, எவ்வளவு லோடு கேட்டு எழுதலாம் என்று கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஏசி என்பது போய் அறைக்கு ஒன்று ஆகிவிட்டது. புதியது 25 வருடம் உழைக்கும் என்கிறார் கான்ட்ராக்டர். அதாவது 2050 வரை. சரி, 2050-ல் வெயில் எப்படி இருக்கும்? இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு எண்ணை யாராவது நீட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அதனால் நானே எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன்.

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம், அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280. ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலை மேல் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024-ன் சராசரி 424. வெப்பம் நேர்க்கோட்டில் ஏறாது, மடக்கைப்படி ஏறும், அதாவது லாக் கணக்கு என்று படித்திருந்தேன். ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஒரே அளவு டிகிரி கூடும். 280-லிருந்து 424 என்பது லாக் கணக்கில் 0.6 இரட்டிப்பு. பூமியின் சராசரி வெப்பம் 1850-1900 காலத்தைவிட இப்போது சுமார் 1.3 டிகிரி கூடியிருக்கிறது. 2024-ஐ மட்டும் எடுத்தால் 1.55 வரும். ஆனால் அதில் பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோவின் பங்கும் இருந்ததால் அந்த ஒற்றை வருடத்தை நான் தொடவில்லை. 1.3-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.2. ஆக, கார்பன் இரட்டிப்பானால் 2.2 டிகிரி.

இனி 2050. வருடத்துக்கு இரண்டரை பிபிஎம் ஏறுகிறது என்று வைத்தால் அப்போது 490 இருக்கும். அது 0.81 இரட்டிப்பு. 2.2-ஆல் பெருக்கினால் 1.78 டிகிரி. இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையில் இரட்டிப்புக்கு 3 டிகிரி என்று போட்டிருக்கிறது. அதே அறிக்கையில் வேறொரு பக்கத்தில் 1.8. கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்றில் 1.2 தான், அதுவும் இனிமேல் ஏறாது, கார்பன் பிடிக்கவேண்டிய வெப்பத்தையெல்லாம் ஏற்கெனவே பிடித்து முடித்துவிட்டது என்று இருக்கிறது. 1.2-ஐ என் ஷீட்டில் போட்டால் 2050-க்கு 0.97 வருகிறது. இப்போதே 1.3-ஐத் தொட்டாயிற்று, அதனால் மச்சினர் கணக்கு முதல் பார்வையிலேயே அடிபடுகிறது. ஆனால் மற்ற இரண்டு? 1.8 போட்டால் 1.45. 3 போட்டால் 2.4. ஒரே ஷீட், ஒரே வருடம், நடுவில் ஒரு டிகிரி வித்தியாசம். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்போம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்த எண்ணை எடுக்க வேண்டும்?

ஜனக்புரி ஜன்னல் எழுதியது:

அண்ணே, லாக் எல்லாம் எதுக்கு? 144 பிபிஎம்முக்கு 1.3 டிகிரி. ஒரு கோடு போட்டு நீட்டி விடுங்கள், வேலை முடிந்தது. அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடு முழுக்க செய்தி ஓடியது. பிறகு கருவியில் கோளாறு, மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறையே சொன்னது. தலைநகரில் ஒரு தெர்மாமீட்டர் மூன்று டிகிரி தப்பாகக் காட்டுமாம், ஆனால் பூமி முழுக்க 1.3 டிகிரி ஏறியதை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடுவார்களாம். எனக்கு இது இடிக்கிறது.

முனிர்கா மாணவி எழுதியது:

யமுனைக்கரையான் சார், வளிமண்டல அறிவியலில் ஆராய்ச்சி மாணவி நான். உங்கள் நான்கு எண்களும் சரியானவை. நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள், அதனால்தான் ஒரே ஷீட்டில் சண்டை போடுகின்றன.

முதலில் 1.2. கார்பன் இரட்டிப்பானால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.7 வாட் வெப்பம் வெளியேறாமல் தங்கும். பூமி சூடானால் கூடுதலாக வெளியே கதிர்வீசும், அதனால் ஓர் அளவில் வரவும் செலவும் நேராகும். வேறு எதுவுமே மாறாது என்று வைத்தால் அந்த அளவு சுமார் 1.2 டிகிரி. ஆனால் மற்றவை மாறாமல் இருக்காது. ஒரு டிகிரி சூடான காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும். பனி உருகினால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பரப்பு குறையும். மேகங்கள் மாறும். இவையெல்லாம் சேர்ந்து, கடலும் முழுக்கச் சூடாகி, எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு கிடைப்பதுதான் 3. அதற்குப் பல நூறு வருடங்கள் ஆகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தக் கணக்கு வேண்டாம் சார்.

இந்த 3-க்கு நீண்ட கதை உண்டு. 1896-ல் ஸ்வீடனில் அரேனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு 5 முதல் 6 டிகிரி என்றார். 1938-ல் காலண்டர் என்ற ஆங்கிலேயர், தொழிலால் நீராவிப் பொறியாளர், 2 என்றார். 1967-ல் மனாபேயும் வெதரால்டும் கணினியில் போட்டபோது நீராவியையும் சேர்த்து 2.3 வந்தது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை வேலைக்குத்தான். 1979-ல் சார்னி குழு 1.5 முதல் 4.5 வரை என்று ஓர் எல்லை போட்டது. ஏறக்குறைய நாற்பது வருடம் அந்த எல்லை பெரிதாக அசையவில்லை. மேகங்கள்தான் காரணம். அவை சூட்டைக் கூட்டுமா குறைக்குமா என்பதே லேசில் பிடிபடவில்லை. 2021-ல்தான் 2.5 முதல் 4 வரை என்று சுருங்கியது.

1.8 என்பது போகிற வழியில் எடுத்த அளவு. கார்பன் வருடத்துக்கு 1 சதவீதம் ஏறினால் 70 வருடத்தில் இரட்டிப்பாகும். அந்த இரட்டிக்கும் நேரத்தில் தெர்மாமீட்டர் என்ன காட்டும்? 1.8. மீதி எங்கே என்றால், கடல் இன்னும் சூடாகி முடியவில்லை. தங்கிவிடும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கோடை முடிந்த பிறகும் இரவில் சூட்டை விடாத மொட்டை மாடித் தளம் மாதிரி, கடல் தாமதமாக ஏறும், தாமதமாகவே இறங்கும்.

உங்கள் மச்சினர் சொல்வது புதிதல்ல. 1900-லேயே ஓங்ஸ்ட்ரோம் என்பவர் குழாயில் கார்பன் டை ஆக்சைடை அடைத்துச் சோதித்து, வாயுவின் அளவைக் குறைத்தாலும் பிடிக்கும் வெப்பம் பெரிதாக மாறவில்லை, அதனால் அரேனியஸ் சொன்னது செல்லாது என்றார். தரைக்குப் பக்கத்தில் மட்டும் பார்த்தால் பாதி உண்மை. கார்பன் டை ஆக்சைடு வலுவாகப் பிடிக்கும் 15 மைக்ரான் அலைநீளத்தில் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் காற்று கொஞ்ச தூரத்திலேயே விழுங்கிவிடுகிறது. ஆனால் விழுங்கிய காற்று திரும்ப உமிழும், அதை மேலே இருக்கும் காற்று விழுங்கும், இப்படி அடுக்கடுக்காக ஏறி, ஏதோ ஓர் உயரத்திலிருந்துதான் கதிர் விண்வெளிக்குத் தப்புகிறது. கார்பன் கூடக்கூட அந்த உயரம் மேலே போகும். மேலே போனால் குளிர், கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் கதிர்வீசும். உள்ளே வருவது அப்படியே இருக்க, வெளியே போவது குறைந்துவிடுகிறது. அந்த 15 மைக்ரானின் இரு பக்கமும் இன்னும் நிரம்பாத அலைநீளங்கள் உண்டு, கார்பன் ஏற ஏற அவை நிரம்பும். ஆனால் வெளிப்பக்கம் போகப் போக வாயுவின் பிடி மிக வேகமாகக் குறைகிறது. அதனால்தான் லாக். அதே காரணத்தால், ஏறுவது மெதுவாகும், நிற்காது.

யமுனைக்கரையான் எழுதியது:

நன்றி அம்மா. மச்சினருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

ஜனக்புரி தம்பி, நீங்கள் சொன்ன நேர்க்கோட்டையும் பக்கத்து நெடுவரிசையில் போட்டுப் பார்த்தேன். 2050-க்கு 1.9 வருகிறது, லாக்கில் 1.78. இதுவரை பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இதே வேகத்தில் 2100-ல் 614 பிபிஎம் என்று வைத்தால் நேர்க்கோடு 3 டிகிரி காட்டுகிறது, லாக் 2.5. அரை டிகிரி அதிகமாகக் காட்டும் கணக்கில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்போது என் 2.2 பற்றி. மாணவி அதை மட்டும் விட்டுவிட்டார், மரியாதைக்காக என்று நினைக்கிறேன். எனக்கே சந்தேகம் உண்டு. 1.3 டிகிரி முழுக்க கார்பன் டை ஆக்சைடு செய்த வேலை இல்லையே? மீத்தேன் இருக்கிறது, நைட்ரஸ் ஆக்சைடு இருக்கிறது. இன்னொரு பக்கம் நம் தில்லிப் புகை வெயிலை மறைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் பற்று எழுதியிருக்கிறேன். பிரித்துக் காட்ட முடியுமா?

லோதி ரோடு வாசி எழுதியது:

பிரிக்கலாம். 1750 முதல் 2019 வரைக்கும் ஐபிசிசி கொடுத்த கணக்கு, எல்லாம் சதுர மீட்டருக்கு வாட்: கார்பன் டை ஆக்சைடு 2.16. மனிதர்களால் வந்த எல்லாமும் சேர்ந்து நிகரம் 2.72. அந்த நிகரத்துக்குள் தூசு, புகைத் துகள்களின் பங்கு மைனஸ் 1.1. அதாவது மீத்தேனும் மற்றவையும் சேர்த்த சூட்டில் மூன்றில் இரண்டு பங்கைப் புகை கழித்துக்கொண்டிருக்கிறது.

அதில் பெரும் பங்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதில் வரும் கந்தகம். அது சல்ஃபேட் துகளாகி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, மேகத்தையும் வெளுப்பாக்குகிறது. ஆனால் ஒரு மழையில் கீழே வந்துவிடும், சில நாள் ஆயுள்தான். கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி ஆயிரம் வருடம் கழித்தும் மேலே இருக்கும். இரண்டும் ஒரே புகைபோக்கியில் வெளியே வருகின்றன என்பதுதான் வேடிக்கை. 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கப்பட்டது, உலகம் முழுக்க. நம் நாட்டில் அனல்மின் நிலையங்களுக்கு 2015-ல் போட்ட கந்தக விதிக்கு எத்தனை முறை அவகாசம் நீட்டினார்கள் என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். புகையை எடுத்தால் நுரையீரலுக்கு நல்லது, அதுவரை மறைந்திருந்த சூடும் வெளியே வரும். அதற்காகப் புகை இருக்கட்டும் என்று சொல்லும் ஆளைத் தில்லியில் நவம்பர் மாதம் ஒரு வாரம் தங்க வைக்க வேண்டும்.

ஜனக்புரிக்காரருக்கு: முங்கேஷ்பூர் கருவி தப்பு என்று எப்படித் தெரிந்தது? பக்கத்தில் சரியான கருவியை வைத்துப் பார்த்ததால். அதே நாளில் தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8 தான். பூமியின் சராசரி எடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது, ஆயிரக்கணக்கான நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். இன்னொன்று, அவர்கள் நிலையத்தின் நேரடி வெப்பத்தைக் கூட்டுவதில்லை. ஒவ்வோர் இடமும் தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு கருவி எப்போதுமே இரண்டு டிகிரி கூடக் காட்டினாலும் விலகலில் அது கழிந்துவிடும். நடுவில் பழுதானால்தான் தொல்லை, அது ஒப்பிடும்போது பல்லிளித்துவிடும்.

யமுனைக்கரையான் எழுதியது:

ஆஹா. 2.72-ஐ 2.16-ஆல் வகுத்தால் 1.26. என் 2.2-ஐ அந்த 1.26-ஆல் வகுத்தால் 1.75. மாணவி சொன்ன 1.8-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது! வீட்டில் இதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்படியென்றால் 2.2 என்பது மற்ற வாயுக்களும் புகையும் கார்பனோடு இதே விகிதத்தில் கூடவே வரும் என்று வைத்துக்கொண்ட எண். 1.8 கார்பனுக்கு மட்டும். 2050-க்கு 1.78 என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்களே?

முனிர்கா மாணவி எழுதியது:

ஆட்சேபம் இல்லை சார், ஆனால் கொஞ்சம் குறைச்சலான பக்கம் நிற்கிறீர்கள். ஐபிசிசியின் நடுத்தர வெளியேற்றப் பாதையில் 2041 முதல் 2060 வரையிலான சராசரி 2.0 டிகிரி, எல்லை 1.6 முதல் 2.5. உங்கள் எண் அதற்குள்தான் வருகிறது. புகை சீக்கிரம் குறைந்தால் மேலே போகும், மீத்தேனைப் பிடித்தால் கீழே வரும்.

பிபிஎம்மையே தொடாமல் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். 1850 முதல் 2019 வரை மனிதர்கள் வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடு மொத்தம் 2,390 பில்லியன் டன். ஒவ்வோர் ஆயிரம் பில்லியனுக்கும் சுமார் 0.45 டிகிரி. பெருக்கிப் பாருங்கள், 1.08 வரும். இப்போது காடழிப்பையும் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 40 பில்லியன் விடுகிறோம். 26 வருடத்துக்கு 1,040 பில்லியன், அதாவது 0.47 டிகிரி. உங்கள் 1.3-உடன் கூட்டுங்கள்.

இங்கே லாக் காணோமே என்று கேட்பீர்கள். காற்றில் கார்பன் ஏற ஏற அதன் ஒவ்வொரு டன்னின் பலமும் குறைகிறது, ஆனால் கடலும் காடும் உறிஞ்சும் பங்கும் குறைவதால் காற்றில் தங்கும் பங்கு கூடுகிறது. கடலுக்குள் வெப்பம் இறங்குவதும் மெதுவாகிறது. இவை ஒன்றையொன்று ஈடுகட்டி, வெளியே விட்ட மொத்தத்துக்கும் வெப்பத்துக்கும் கிட்டத்தட்ட நேர்க்கோடு கிடைக்கிறது. ஜனக்புரி அண்ணா கேட்ட கோடு இதுதான், அச்சை மாற்றிப் போட்டால் போதும்.

இதே காரணத்தால்தான், நாளைக்கே வெளியேற்றம் பூஜ்யமானால் வெப்பம் அந்த 3 டிகிரிக் கணக்கை நோக்கி ஏறிக்கொண்டே போகாது. காற்றில் இருக்கும் கார்பனைக் கடல் உறிஞ்சிக் குறைக்கும், கடல் சூடாவதும் தொடரும், இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஏறியது ஏறியபடி நிற்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இது பூமி முழுமைக்குமான சராசரி. 2011-2020 காலத்தில் கடல் மேல் 0.88 டிகிரிதான் ஏறியது, நிலத்தின் மேல் 1.59. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 மட்டும். புகையும் வட இந்தியப் பாசனமும் நம்மைத் தற்காலிகமாகக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அப்புறம், லோடு சராசரியைப் பார்த்து ஏறாது, உச்சத்தைப் பார்த்து ஏறும். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற கடும் வெயில், பூமி 1 டிகிரி சூடானபோதே 1.2 டிகிரி கூடிவிட்டது. 2 டிகிரி ஆனால் 2.6 கூடும். இது உலக நிலப்பரப்புக்கான எண், தில்லிக்கென்று தனியாகப் போட்டதல்ல.

லோதி ரோடு வாசி எழுதியது:

உச்சம் என்றதும் ஒன்று. 2024-ல் தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது, 46.8 காட்டிய மே 29 அன்று இல்லை, ஜூன் 19 அன்று. அன்றைக்குச் சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பமே 35.2. ராத்திரி முழுக்க ஏசி நிற்காமல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆற நேரமே கிடைக்காது. லோடு எழுதும்போது பகல் உச்சத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

யமுனைக்கரையான் எழுதியது:

குறுக்கு வழியில் 1.77, என் வழியில் 1.78. ஷீட்டைப் பூட்டிவிட்டேன். கமிட்டிக்கு 1.8 என்றும், எல்லை 1.6 முதல் 2.5 என்றும் எழுதுகிறேன். இரவு லோடுக்குத் தனியாக ஒரு பத்தி. செயலாளர் எல்லையைப் பார்த்துவிட்டு ஒரே எண்ணாகக் கொடுங்கள் என்பார், அது என் பாடு.

கடைசியாக ஒன்று. ஏதோ ஒரு செய்தியில் 2025-ல் 430 பிபிஎம் தாண்டியது என்று பார்த்தேன். என் 424-ஐ மாற்ற வேண்டுமா?

முனிர்கா மாணவி எழுதியது:

வேண்டாம் சார். அது மே மாதத்து எண். பூமியின் வட பாதியில் செடிகொடிகள் தளிர்த்து உறிஞ்சத் தொடங்கும் முன்பு மே மாதத்தில் உச்சம் வரும், செப்டம்பர் வாக்கில் அடிமட்டம். உங்கள் 280-உம் 424-உம் வருடச் சராசரி. சராசரியோடு சராசரியைத்தான் வைக்க வேண்டும். மௌனா லோவா தரவில் வருடச் சராசரிக்கென்று தனிக் கோப்பு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.